70 என்ற எண்ணும் கெரண்டிஎல்ல வளைவும்: மலையக வீதிகளில் வேகக் கமெரா பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் வெசாக். கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்கு இரவுப் பயணமாக வந்துகொண்டிருந்த இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று, விடிவதற்கு முன் நான்கரை மணியளவில், கொத்மலை கெரண்டிஎல்லவில் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தது. பஸ்ஸில் 70க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கு இருக்கைகள் இல்லை. 23 உயிர்கள் போயின. நசுங்கிய இரும்புக்கு நடுவே ஒரு தாய் தன் கைக்குழந்தையை அணைத்தபடி கிடந்தார். குழந்தையை மீட்டார்கள். தாயைக் காப்பாற்ற முடியவில்லை.

பஸ் கோளாறா, சாரதி கண்ணயர்ந்தாரா என்ற கேள்விகள் அன்று காலையிலேயே எழுந்தன. கூடவே இன்னொரு கோரிக்கையும் எழுந்தது. ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் எழுவதுதான் அது: வீதியெங்கும் வேகக் கமெரா பொருத்துங்கள், வேகமாக ஓட்டுபவர்களின் அனுமதிப்பத்திரத்தைப் பறியுங்கள். மறுபக்கத்திலிருந்து வரும் பதிலும் பழகியதுதான்: கமெரா என்பது அரசாங்கத்தின் உண்டியல், அடிபடுவது பாவம் ஏழைச் சாரதி.

கமெரா வேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் கெரண்டிஎல்ல வளைவில் அன்று ஒரு கமெரா இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், இந்த விவாதம் மலையகத்தில் தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது விளங்கும். கமெரா எந்த எண்ணோடு வேகத்தை ஒப்பிடுகிறது என்பதை, அதாவது மணிக்கு 70 கிலோமீற்றர் என்ற வேக எல்லையை, யாருமே கேள்வி கேட்பதில்லை.

கமெராவின் பக்கம் உள்ள நியாயம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் உலகம் இதில் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டது. வேகம் கூடினால் சாவு கூடும். சராசரி வேகம் ஒரு சதவீதம் உயர்ந்தால் உயிரிழப்பு விபத்துகளின் அபாயம் நான்கு சதவீதம் உயர்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு ஒன்று, 2010இல், 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கமெரா பொருத்திய இடங்களைச் சுற்றி மரணமும் படுகாயமும் விளைவித்த விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. பிரான்ஸ் 2003இன் இறுதியில் தானியங்கிக் கமெராக்களை நிறுவத் தொடங்கியது. 2002இல் 7,000ஐத் தாண்டியிருந்த அந்நாட்டின் வீதி மரணங்கள் 2006இல் 5,000க்குக் கீழே இறங்கின. அதற்குக் கமெரா மட்டுமே காரணம் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அதன் பங்கை மறுப்பவர்களும் குறைவு.

அதே பிரான்ஸில், 2018இல் கிராமப்புற வீதிகளின் வேக எல்லையை 90இலிருந்து 80ஆகக் குறைத்தபோது மக்கள் கொதித்தார்கள். மஞ்சள் அங்கிப் போராட்டத்தின்போது நாட்டின் கமெராக்களில் பாதிக்கும் மேற்பட்டவை சேதப்படுத்தப்பட்டன. கேரளத்தில் 2023 ஜூனில் 726 கமெராக்களைக் கொண்ட திட்டம் தண்டம் விதிக்கத் தொடங்கியபோது, உயிர்களைப் பற்றிப் பேசியதைவிட அவற்றை நிறுவக் கொடுத்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். தங்களுக்காக வைக்கப்பட்டது என்று மக்கள் நம்பாத கமெரா நீடிப்பதில்லை.

இலங்கையில் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்டவர்கள் வீதிகளில் உயிரிழக்கிறார்கள். கொழும்பில் 2024 ஜனவரி முதல், சந்திகளில் உள்ள கண்காணிப்புக் கமெராக்களைக் கொண்டு போக்குவரத்து விதிமீறல்களைப் பிடிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. மலையகத்தில் இன்னும் வீதியோரம் பொலிஸார் கையில் பிடித்து நிற்கும் வேகமானிதான். அது எங்கே நிற்கும் என்பது வழக்கமாக அந்த வழியில் ஓடும் சாரதிகளுக்குத் தெரியும்: வளைவுகள் முடிந்து வீதி நேராகி, வண்டி நிறுத்த ஓரளவு இடமும் இருக்கும் துண்டுகளில். அதாவது மலைவீதியில் ஆபத்து சற்றுக் குறைந்த இடங்களில். எதிரே வரும் வண்டி முன்விளக்கை இருமுறை மின்னிவிட்டுப் போகும். அவ்வளவுதான், அடுத்த கால் மைலுக்கு எல்லாரும் ஒழுங்காக ஓட்டுவார்கள். வேகமானியைக் கடந்ததும் பழைய வேகம். அது தண்டப்பணத்தைக் கொண்டுவருகிறது. வளைவில் வேகத்தைக் குறைக்கிறதா என்றால், இல்லை.

70 எங்கிருந்து வந்தது

நமது மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டுக்குரியது. பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. இன்று நாட்டில் பொதுவாக நடைமுறையில் உள்ள எல்லை: குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர், ஏனைய வீதிகளில் இலகு வாகனங்களுக்கு 70, கனரக வாகனங்களுக்கு அதைவிடக் குறைவு. புத்தளம் வீதியின் நேர்க்கோட்டுக்கும் இறம்பொடை இறக்கத்துக்கும் அடிப்படையில் ஒரே விதி.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை, கொத்மலை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் ஏ5 வீதி, சுமார் 60 கிலோமீற்றருக்குள் 1,300 மீற்றருக்கும் அதிகமாகக் கீழிறங்குகிறது. இறம்பொடை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் இந்த வீதி தெரியும். ஒருபக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் தேயிலைச் சரிவு அல்லது வெறும் வெளி. பகலில் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்தபடி போக வேண்டும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் லொறியின் சிவப்பு விளக்குதான் வீதி.

ஒரு கொண்டை ஊசி வளைவின் ஆரம் 15 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதில் திரும்பும் வண்டியை வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அந்த வளைவை 20 கிலோமீற்றர் வேகத்தில் எடுத்தால் நின்றுகொண்டிருக்கும் பயணி கம்பியைப் பிடித்துச் சமாளிப்பார். 30ஐத் தாண்டும்போது, கூரையில் பொதியும் நடைபாதையில் ஆட்களுமாக நிறைந்த ஓர் உயரமான பஸ், கவிழ்வதற்கான எல்லையை நெருங்கிவிடுகிறது. 30 என்பது சட்டத்தின் பார்வையில் மிக மெதுவான வேகம். எந்தக் கமெராவும் அதற்குப் படமெடுக்காது. 50ஐ எல்லையாக வைத்தாலும் எடுக்காது. அந்த வளைவில் 50ஐத் தொட்ட பஸ் கமெராவின் பார்வையிலிருந்து ஏற்கெனவே விழுந்திருக்கும்.

இரண்டாவது விடயம் பிரேக். 12 தொன் எடையுள்ள ஒரு பஸ் 1,000 மீற்றர் கீழிறங்கும்போது வெளிவிடும் சக்தி, 370 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் டயரின் உராய்வும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பகிர வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் தன் பங்கைச் சுமக்கும். உயர்ந்த கியரில், அல்லது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கினால், சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். அதற்கு முன் ஒரு மணம் வரும். கருகிய ரப்பரும் இரும்பும் கலந்த, தொண்டையில் காறும் மணம். மலைவீதி பஸ்களில் பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்து வளர்ந்த எங்களுக்கு அது பழக்கமானது. பழகியிருக்கக் கூடாத ஒன்று. அந்த மணம் வரும்போது வேகம் 40ஆகத்தான் இருக்கும். கமெராவுக்கு மூக்கு இல்லை.

ஆகவே மலையகத்தில் ஆபத்தான வேகமும் சட்டவிரோதமான வேகமும் ஒன்றல்ல. இவ்விரண்டும் ஒன்றாகும்படி எண்ணைத் திருத்தாமல் கமெராவை மட்டும் கொண்டுவந்தால், வேகத்தைத் தாங்கக்கூடிய நேர்த்துண்டுகளில் அது தண்டம் வசூலிக்கும். வளைவுகளில் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

மற்ற மூன்று இடங்கள்

கெரண்டிஎல்ல தனித்த நிகழ்வு அன்று. அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய மூன்று விபத்துகள் இருக்கின்றன.

பசறை, 2021 மார்ச் 20. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ். இதுவும் அதே ஏ5 வீதிதான், பதுளைக்கு அப்பால். மலையிலிருந்து உருண்ட ஒரு பாறை வீதியின் ஒரு பகுதியை அடைத்துக் கிடந்தது. எதிரே வந்த டிப்பருக்கு இடம்விட்டு ஒதுங்கிய பஸ் பள்ளத்தில் சரிந்தது. குறைந்தது 14 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் காட்சி ஒரு கண்காணிப்புக் கமெராவில் பதிவானது. நாடே அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. அங்கே கமெரா இருந்தது. இல்லாமற் போனது அந்தப் பாறையை அகற்ற ஓர் இயந்திரமும், அகற்றும்வரை வண்டிகளை ஒருவழியாக அனுப்ப ஓர் ஆளும்.

நானுஓயா, 2023 ஜனவரி 20. கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ், ரதல்ல குறுக்குவீதியின் செங்குத்து இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து ஒரு வானிலும் முச்சக்கரவண்டியிலும் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் அட்டன் பக்கத்திலிருந்து நுவரெலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த வானில் இருந்தவர்கள். வெளியூர்ப் பெரிய பஸ் ஒன்று இந்த இறக்கத்துக்குள் வந்ததற்கு எங்கள் ஊர்க் குடும்பம் உயிரைக் கொடுத்தது.

எல்ல, 2025 செப்டெம்பர் 4, இரவு. தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா முடிந்து திரும்பிய பஸ், எல்ல – வெல்லவாய வீதியில் ஒரு ஜீப்பில் மோதி, பாதுகாப்பு வேலியை உடைத்துக்கொண்டு பெரும்பள்ளத்தில் விழுந்தது. 15 பேர் மாண்டார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்ற பேச்சு அங்கும் எழுந்தது.

நான்கு இடங்கள். சமதரையில் இருந்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை சாதாரண விபத்தாக முடிந்திருக்கும். இரண்டு இடங்களில் வெளியூர்ப் பஸ், இறக்கம் தெரியாத பயணம்; ஒன்றில் நெடுந்தூர இரவு ஓட்டம்; ஒன்றில் பராமரிப்பு இல்லாத வீதி. நேரான வீதியில் 90இல் பறந்தவனை மடக்கும் கருவி இவற்றில் எதற்கும் நேரடியான மருந்து ஆகாது. இதைச் சொல்வதால் வேகத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று பொருள் கொள்ள வேண்டாம். இறக்கத்தின் உச்சியில் எடுக்கும் வேகம்தான் பத்தாவது வளைவில் பிரேக்கைத் தின்கிறது. அந்த வேகத்தை உச்சியிலேயே பிடிக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நீலகிரியில் உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018இல் வெளியூர்க் கார் ஒன்று பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்த பிறகு, அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகள் கீழிறங்குவதற்குத் தடை விதித்தார்கள். அங்கே நிர்வாகம் வேகத்தைப் பார்க்கவில்லை. வண்டியையும் சாரதியையும் திசையையும் பார்த்தது. மலைக்கு ஏற்ற சிந்தனை இப்படித்தான் இருக்கும்.

தண்டம் யாரைத் தேடி வரும்

2016இன் இறுதியில், பாரதூரமான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டத்தை 25,000 ரூபாவாக உயர்த்தும் வரவு செலவுத் திட்ட முன்மொழிவுக்கு எதிராகத் தனியார் பஸ்கள் வேலைநிறுத்தம் செய்தன. அன்று பலர் சாரதிகளைத் திட்டினார்கள். எனக்கும் அந்த வேலைநிறுத்தத்தில் உடன்பாடு இருக்கவில்லை. ஆனால் சாரதியின் நிலையைப் பார்க்காமல் தண்டத்தைப் பற்றிப் பேசுவதும் சரியில்லை.

மலையகத்தின் குறுந்தூரத் தனியார் பஸ்களில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. அன்றைய வசூலில் முதலாளிக்குரியதும் டீசலுக்குரியதும் போக மிஞ்சுவதில்தான் சாரதிக்கும் நடத்துநருக்கும் கூலி. முன்னால் போகும் பஸ் ஒரு நிறுத்தத்தில் அரை நிமிடம் கூடுதலாக நின்றால் பின்னால் வருபவருக்கு ஆட்கள் இல்லை. தரிப்பிடத்தில் நேரக்கணிப்பாளரின் விசில் ஊதியதும் தொடங்குகிறது போட்டி. இந்த ஓட்டத்தில் கமெரா ஒருவரைப் பிடித்தால், தண்டத்தைக் கட்டுபவர் சாரதி. மறுநாள் அந்தப் பணத்தையும் சேர்த்துச் சம்பாதிக்க அவர் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும். அட்டவணையையும் வசூல் இலக்கையும் வகுத்தவருக்கு ஒரு கடிதமும் போகாது.

நிலையான கமெராவின் தண்டச்சீட்டு வாகன இலக்கத்தைக் கொண்டு உரிமையாளருக்கு அனுப்பப்படுவது. அதில் இன்னொரு சிக்கல். நம் நாட்டில் எத்தனையோ வண்டிகள் ‘ஓப்பன் பேப்பரில்’ கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. பதிவில் இருப்பவர் வண்டியை விற்று ஆண்டுகள் ஆகியிருக்கும். கமெரா அனுப்பும் கடிதம் அவர் வீட்டுக்குப் போகும். உரிமை மாற்றத்தை ஒழுங்குபடுத்தாமல் கமெராவைப் பரப்பினால் நிரபராதிகள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அலைய வேண்டியதுதான்.

மொழியும் இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்திலும் பதுளையின் பல பிரதேச செயலகப் பிரிவுகளிலும் தமிழும் நிருவாக மொழி. ஆனால் வீதியில் கையளிக்கப்படும் சீட்டில் கையால் நிரப்பப்படும் பகுதி பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். என்ன குற்றம் என்று வாசிக்க முடியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, தபாலகத்தில் பணம் கட்டி, அனுமதிப்பத்திரத்தை மீட்டு வருகிறவர்களை நான் அறிவேன். எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்று தெரியாதவர் எப்படித் திருந்துவார்? கமெரா முறைக்கு மாறும்போது இதைச் சரிசெய்வது எளிது. இயந்திரம் அச்சிடும் கடிதத்தைத் தமிழிலும் அச்சிடலாம்.

எங்கே பொருத்துவது

கமெரா உடனடியாகப் பயன்தரக்கூடிய இடம் மலையகத்தில் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அங்கே ஒரு நேரத்தில் 23 பேர் சாவதில்லை, ஒவ்வொருவராகச் சாகிறார்கள். தோட்டத்தை ஊடறுத்துப் போகும் பிரதான வீதி அது. லயன்களிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நடைபாதை கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கும் மூடியில்லாத வடிகானுக்கும் இடையே ஓரடி அகலத்தில் வரிசையாக நடப்பார்கள். கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் முதுகில் சுமையோடு வளைவைக் கடப்பார்கள். பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்க்க அவர்களால் முடியாது. 30 கிலோமீற்றர் வேகத்தில் மோதுண்ட பாதசாரி பெரும்பாலும் பிழைப்பார். 50இல் அந்த வாய்ப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். இங்கே எல்லை 30 ஆக இருக்க வேண்டும். பாடசாலை நேரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி, அறிவிப்புப் பலகையோடு, நிலையான கமெரா இருக்க வேண்டும். ஒளிந்து பிடிப்பதற்கு இங்கே வேலை இல்லை. எல்லோரும் கண்டு வேகத்தைக் குறைத்தால் அதுதான் வெற்றி.

நீண்ட இறக்கங்களுக்கு ஒற்றைக் கமெரா போதாது. இறக்கத்தின் உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று. இரண்டுக்கும் இடையே எடுத்த நேரத்தைக் கணக்கிட்டுச் சராசரி வேகத்தைப் பிடிக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. 10 கிலோமீற்றர் இறக்கத்துக்குச் சராசரி 30 என்று வைத்தால், 20 நிமிடத்துக்கு முன்னால் கீழே வந்து சேர்ந்த வண்டி எங்கோ வேகமாக ஓடியிருக்கிறது. முன்விளக்கை மின்னி எச்சரிப்பதால் இதை ஏமாற்ற முடியாது. முந்திப்போவதாலும் பயனில்லை, நேரம் மிச்சமாகாது. உச்சியிலேயே கனரக வண்டிகளுக்குக் கட்டாய நிறுத்தம் ஒன்று வேண்டும்: பிரேக்கைப் பார்த்து, கியரை இறக்கி, ஐந்து நிமிடம் நின்று போகட்டும். சுற்றுலா பஸ்ஸானாலும் அரச பஸ்ஸானாலும் விதிவிலக்கு வேண்டாம்.

களைப்புக்குக் கமெராவில் மருந்தில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணிநேரம் ஓட்டிய பஸ் சாரதி 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். வண்டியிலுள்ள கருவி ஓட்டத்தையும் ஓய்வையும் பதிவுசெய்கிறது, பதிவு தவறினால் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். கதிர்காமத்திலிருந்து மலையேறி மலையிறங்கிக் குருநாகல் போகும் பஸ்ஸுக்கு இரண்டாவது சாரதி வேண்டும் என்று சொல்வதற்கு வேறு நியாயம் தேவையில்லை. 2025இல் பஸ் சாரதிகளுக்கு இருக்கைப் பட்டி கட்டாயமாக்கப்பட்டது, நல்லதுதான். ஆனால் பட்டி சாரதியை இருக்கையில் வைத்திருக்கும், விழிப்பாக வைத்திருக்காது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த வீதிகளைக் குதறிப் போட்டது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீதியோடு மனிதரையும் கொண்டுபோயின. ஏ5 உட்பட எத்தனையோ வீதிகளைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது. வீதி அபிவிருத்தி அதிகார சபை வரைபடம் போடும்போதே ஒவ்வொரு வளைவின் ஆரத்தையும் சரிவையும் அளந்தாக வேண்டும். அதை அளக்காமல் எந்தப் பொறியியலாளரும் வீதி போட மாட்டார். வளைவுக்கு வளைவு பாதுகாப்பான வேகம் என்ன என்பது அந்த அளவுகளிலேயே கிடைக்கிறது. அந்த எண்களை மூன்று மொழியிலும் பலகையில் எழுதி, வர்த்தமானியில் வெளியிட்டு, பள்ளத்தோரம் பஸ்ஸின் எடையைத் தாங்கும் தடுப்புச் சுவரையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். பலகை நட்டு எல்லை சட்டமான அன்று கமெராவைக் கொண்டுவாருங்கள். மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களும் பிரதேச சபைகளும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களில் இதைக் கேட்க வேண்டிய காலம் இதுதான். தார் ஊற்றி முடிந்த பிறகு கேட்டால் நிதி இல்லை என்பார்கள், அதை மறுத்துப் பேச நமக்கு வழி இருக்காது.